"என்ன குழந்தைன்னு பார்த்துச் சொல்லுங்கம்மா"

குழந்தையை வெளியே எடுத்ததும் சிஸ்டர் ஒரு வேலை செய்வார். துணியில் ஏந்தியபடி தாயின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, குழந்தையின் இரண்டு காலையும் லேசாக விலக்கிக் காட்டி, "என்ன குழந்தைன்னு பார்த்துச் சொல்லுங்கம்மா" என்பார். தாய் தன் வாயால் சொல்ல வேண்டும். குழந்தை மாறிவிட்டது என்று பின்னால் யாரும் பேச்சை எடுக்கக் கூடாது என்பதற்காக மருத்துவமனைகள் வைத்திருக்கும் வழக்கம் அது. சிஸ்டருக்கு ஒரே ஷிஃப்டில் நாலைந்து முறை கேட்டுப் பழகிய கேள்வி. நான் அதற்காகத்தான் மயக்க மருந்து டாக்டரின் ஸ்டூலுக்குப் பக்கத்தில், சுவரோடு சுவராக, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஏழு வருஷமாகச் சென்னையில் பிரசவப் புகைப்படங்கள் எடுக்கிறேன். அதற்கு முன்னால் கல்யாணப் படங்கள்தான். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளை, பொண்ணு, ஐயர், நாத்தனார் எல்லாருக்கும் கேமரா இருப்பது தெரியும். முகத்தில் ஒரு பாதி எப்போதும் நமக்காக இருக்கும். பிரசவ அறையில் அப்படி யாரும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டதும் தாயின் கண் முதலில் குழந்தையின் முகத்துக்குத்தான் போகிறது, கேட்டது எதுவோ அங்கே போவதே இல்லை. சிஸ்டர் இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கும். அப்புறம்தான் பார்த்து, "பாப்பா" என்றோ "பையன்" என்றோ சொல்வார்கள், குரல் பாதி வராது. அந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் என் படம்.

வெளிநாட்டில் இதே வேலை செய்பவர்களின் படங்களை நிறையப் பார்ப்பேன். அசந்துபோகிற படங்கள் அவை. ஆனால் இந்தத் தருணம் அவற்றில் அவ்வளவாக இருக்காது, ஏனென்றால் அங்கே பலருக்கும் ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே தெரிந்துவிடுகிறது. இங்கே 1994-ல் வந்த சட்டத்தால் ஸ்கேன் சென்டரில் சொல்லக் கூடாது, கேட்கவும் கூடாது. வயிறு கூர்மையாக இருக்கிறதா உருண்டையாக இருக்கிறதா, புளிப்பு கேட்கிறதா இனிப்பு கேட்கிறதா என்று ஒன்பது மாதம் தெருவே ஆரூடம் சொல்லி, எல்லாம் அந்த ஒரு நொடியில் வந்து முடிகிறது. அந்தச் சட்டம் எதற்காகப் போட வேண்டியிருந்தது என்பதும் எனக்குத் தெரியும். "பொண்ணு" என்று கேட்டதும் வெளியே வராந்தாவில் ஒரு முகம் சட்டென்று வாடுவதை நான் லென்ஸ் வழியாகவே பார்த்திருக்கிறேன். அந்தப் படங்களை ஆல்பத்தில் சேர்ப்பதில்லை. அந்த வீட்டில் வாழப் போகிறவளுக்கு அது என் படம் இல்லாமலே தெரியும்.

இந்த வேலைக்கு நான் வந்தது என் தங்கச்சியால்தான். 2017 நவம்பர், பாளையங்கோட்டை, விடாத மழை. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். ராத்திரி முழுக்க வலியோடு இருந்துவிட்டு, விடிகாலையில் குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது என்று அவசரமாக சிசேரியனுக்குக் கொண்டு போனார்கள். கல்யாணத்துக்குக் கல்யாணம் இரண்டு கேமராவோடு திரிகிற நான், சொந்தத் தங்கச்சி பிள்ளை பெறும்போது வராந்தாவில் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முக்கால் மணி நேரம் கழித்து, துடைத்து, பவுடர் நிறத் துணியில் இறுகச் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து ஆச்சி கையில் கொடுத்தார்கள். ஆச்சி குழந்தையின் நாக்கில் சேனை தொட்டு வைக்க வேண்டும் என்று சர்க்கரைத் தண்ணீரைத் தேட, டாக்டர் தாய்ப்பாலைத் தவிர ஒன்றும் கூடாது என்று கண்டிக்க, ஒரே அமளி. அந்தக் கூச்சலுக்கு நடுவில் தங்கச்சி வீட்டுக்காரர் போனில் ஒரு படம் எடுத்தார். அதுதான் என் தங்கச்சி மகளின் முதல் படம். கண் மூடிய ஒரு முகம், மிச்சமெல்லாம் துணி.

மூன்றாம் நாள் தங்கச்சி என்னிடம் கேட்டாள்: "எக்கா, வெளிய எடுத்தப்ப இவ எப்படி இருந்தா?" எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. அவளுக்கோ முதுகில் ஊசி போட்டிருந்தது, முழு விழிப்போடுதான் இருந்தாள், நெஞ்சுக்கு மேலே ஒரு பச்சைத் துணித் திரை. குழந்தை அழுத சத்தம் கேட்டதாம். யாரோ "டைம் பாருங்க" என்றார்களாம். அப்புறம் இடது பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தால் சிஸ்டரின் முதுகுதான் தெரிந்ததாம். "நான் அங்கதான் இருந்தேன், ஆனா நான் மட்டும் பாக்கல" என்றாள். இந்த வார்த்தை என்னை விடவே இல்லை.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 60-க்கும் மேல். அத்தனை பெண்களுக்கும் அந்தத் துணித் திரை. சுகப்பிரசவத்திலும் நிலைமை பெரிதாக வேறில்லை. கடைசி அரை மணி நேரத்தில் பெரும்பாலானவர்கள் கண்ணைத் திறப்பதே இல்லை. எட்டு மணி நேரம் இருந்ததை இரண்டு மணி நேரம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், யார் கையைப் பிடித்திருந்தோம் என்பது நினைவிருக்காது. அம்மாவின் கை என்று நினைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, பெயர்கூடத் தெரியாத ஒரு ஆயாம்மாவின் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, டிஸ்சார்ஜ் ஆன பிறகு அந்த ஆயாம்மாவைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

அனுமதி கிடைப்பதுதான் இதில் பெரிய பாடு. பாதிக்கு மேல் மருத்துவமனைகள் வேண்டாம் என்றுதான் சொல்கின்றன, அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. தொற்று பயம், இடநெருக்கடி, நாளைக்கு ஏதாவது வழக்கு என்றால் இந்தப் படம் எங்கே போய் நிற்கும் என்ற பயம். வலி, பிரசவம், பிறகு ஓய்வு மூன்றுக்கும் ஒரே தனி அறை இருக்கிற இடங்களில் சம்மதிக்க வைப்பது கொஞ்சம் சுலபம். டாக்டரை நேரில் பார்த்து, எங்கே நிற்பேன், எதைத் தொட மாட்டேன், "வெளியே போங்க" என்றால் ஒரு கேள்வி கேட்காமல் போவேன் என்று சொல்லி, அங்கே வேலை செய்கிறவர்களின் முகம் அவர்கள் சம்மதம் இல்லாமல் வராது என்று எழுதியும் கொடுப்பேன். ஆபரேஷன் தியேட்டரில் கிருமி நீக்கிய பச்சைத் துணி, நீலத் துணி விரித்த எதன் பக்கத்திலும் என் கையோ கேமரா வாரோ போகக் கூடாது. கழுத்து வாரையே கழற்றிவிட்டேன்.

அரசு மருத்துவமனைகளில் எடுக்க முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். பிரசவத்தின்போது கூட ஒரு பெண் துணை இருக்கலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004-லிருந்தே இருக்கிறது, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே பெற்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அது பொது வார்டு. பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்தி வலியில் இருக்கிறாள், அவளிடம் யாரும் என்னைப் பற்றிக் கேட்கவில்லை. ஆகவே அங்கே நான் கேமராவோடு போக மாட்டேன்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இந்த வேலையைக் கற்றுக்கொள்ள நினைத்து என்னிடம் வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். ஃபிளாஷ் கிடையாது, அது பேச்சுக்கே இடமில்லை. தியேட்டரில் மேலே தொங்கும் பெரிய விளக்கு வயிற்றின் மேல் மட்டும் வெயில் மாதிரி அடிக்கும், இரண்டடி தள்ளி இருட்டு. தாயின் முகம் எப்போதும் அந்த இருட்டில்தான். 35 எம்எம் லென்ஸ், திறப்பு 1.4, வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓ 3200-க்குக் குறையாது. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் எல்இடி விளக்கில் படம் முழுக்கக் கோடு கோடாக விழும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு முறை மின்னும், அதனால் ஷட்டரை 1/100-ல் வைத்தால் கோடு அடங்கும். குழந்தை கையை உதறினால் கை கலங்கித்தான் விழும். விழட்டும், கை உதறியதும் நடந்ததுதானே.

நிறம் அதைவிடச் சிக்கல். சுற்றிலும் பச்சையும் நீலமும், அந்த நிறம் குழந்தையின் தோலில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறந்த நொடியில் குழந்தை கத்தரிப்பூ நிறத்தில்தான் இருக்கும். அழ அழ நெஞ்சிலிருந்து சிவப்பு பரவும், உள்ளங்கையும் பாதமும் மட்டும் ஒரு நாள் வரைக்கும்கூட நீலம் பாரித்தே இருக்கலாம், அது இயல்பு. என்னிடம் எடிட்டிங் பார்த்த ஒரு பையன் எல்லாக் குழந்தையின் கையையும் ரோஜா நிறத்துக்கு மாற்றிக் கொடுத்தான். எல்லாவற்றையும் திரும்ப உட்கார்ந்து சரிசெய்தேன். வெண்ணெய் தடவினது போல் அக்குளிலும் தொடை மடிப்பிலும் அப்பியிருக்கிற வெள்ளையையும் துடைத்துவிடக் கூடாது. தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிஷமாவது விடுவார்கள் இல்லையா, முதலில் நீலமாக, தடிமனாக, கயிறு முறுக்கியது போல இருக்கும், உள்ளே துடிக்கிறது கண்ணுக்கே தெரியும். கொஞ்ச நேரத்தில் வெளுத்துத் தொய்ந்துபோகும். வெட்டுவதற்கு முன்னால் இரண்டையும் ஒரே கோணத்தில் எடுத்து வைப்பேன். நிறையப் பேர் அருவருப்பு என்பார்கள், பெற்றவர்கள் யாரும் இதுவரை சொன்னதில்லை.

இன்னொன்று. தியேட்டரில் ஏசி பல்லைக் கிட்டிக்க வைக்கும், வெளியே வராந்தாவில் சென்னை வெக்கை. குளிர்ந்த லென்ஸோடு கதவைத் தாண்டிய மறு நொடி கண்ணாடி முழுக்கப் பனி மூடிவிடும், சரியாகத் தாத்தா பாட்டி கையில் குழந்தை போகிற நேரத்தில். முதல் பிரசவத்தில் அந்தப் படம் முழுக்க எனக்குப் புகைதான் கிடைத்தது. அன்றிலிருந்து இரண்டாவது கேமராவை வெளியே தாத்தா மடியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

தாத்தா என்றதும் நேரம் ஞாபகம் வருகிறது. நம் வீடுகளில் குழந்தை பிறந்த நேரம் இல்லாமல் ஜாதகம் இல்லை. சிசேரியனையே ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரத்தில் வைத்துக்கொள்கிற குடும்பங்கள் உண்டு, காலை 9-லிருந்து 9.20-க்குள் குழந்தை வெளியே வந்தாக வேண்டும் என்று சீட்டு எழுதி டாக்டரிடம் கொடுப்பார்கள். ஒரு முறை தியேட்டர் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிஷம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதிய நேரம் 6.02, என் கேமராவில் 5.58. முந்தின நாள் ராத்திரிதான் போனைப் பார்த்து கேமரா நேரத்தைச் சரிசெய்திருந்தேன். தாத்தா பாக்கெட் டைரியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "அம்மா, தலை தெரிஞ்சது எப்ப, முழுசா வந்தது எப்ப, அழுதது எப்ப, கொடி அறுத்தது எப்ப?" நான்குக்கும் தனித்தனிப் படம் இருந்தது, நொடி வரைக்கும் படித்துக் காட்டினேன், ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். மருத்துவமனை ரெக்கார்டில் உள்ளதுதான் கணக்கு, என்னுடையதை அவர் ஜோசியரிடம் காட்டிக்கொள்ளலாம் என்று சொன்னேன். ஒவ்வொரு பிரசவத்துக்கும் முந்தின ராத்திரி கேமரா நேரத்தைச் சரிபார்ப்பது இப்போது எனக்குப் பல் துலக்குவது போல.

பதிவு செய்ய முதலில் போன் பண்ணுவது பெரும்பாலும் கணவர்கள்தான். "சர்ப்ரைஸா இருக்கட்டும் மேடம்" என்பார்கள். ஆசையாகத்தான் கேட்கிறார்கள், ஆனால் இதில் சர்ப்ரைஸுக்கு இடமில்லை. பணம் யார் கொடுத்தாலும் நான் பேசுவது அவளிடம், ஏழாம் மாதத்திலேயே, அதுவும் தனியாக. அம்மா, மாமியார், கணவர் யாரும் பக்கத்தில் இல்லாமல் கேட்டால்தான் "எனக்கு வேண்டாம்க்கா, அவங்கதான் ஆசைப்படறாங்க" என்பது வெளியே வரும். அப்படி மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள், மூன்று பேருக்கும் என் தேதி நிரம்பிவிட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். வேண்டும் என்று சொன்னவளும் வலியின் நடுவில் கையைக் காட்டினால் போதும், கேமரா பைக்குள் போய்விடும். இணையத்தில் போடலாமா என்று பிரசவத்துக்கு முன்னால் கேட்பதே இல்லை. மூன்று மாதம் கழித்து, படங்களையெல்லாம் பார்த்த பிறகு கேட்பேன். பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள். என் இணையப் பக்கத்தில் படங்கள் குறைவாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஒரு பிரசவத்தைப் பற்றி மட்டும் எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். பெற்றவளிடமே கேட்டேன், பேரும் ஊரும் இல்லாமல் எழுதச் சொன்னாள்.

சுகப்பிரசவம். ராத்திரி இரண்டு மணி இருக்கும். குழந்தை வந்தது, அழவில்லை. துவண்டு கிடந்தது. கொடியை உடனே வெட்டிவிட்டு எதிர் ஓரத்தில் இருந்த, குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மருக்குக் கொண்டுபோனார்கள். அறையில் அதுவரை எல்லாரும் "முக்கும்மா, முக்கும்மா" என்று கத்திக்கொண்டிருந்தார்கள், சட்டென்று அத்தனை சத்தமும் நின்றது. குழந்தை டாக்டர் சின்ன மாஸ்க்கை மூக்கிலும் வாயிலும் பொருத்தி, கையில் பையை அழுத்தினார், மெல்லிய குரலில் ஒரு தாளத்தோடு எண்ணிக்கொண்டே. நான் கேமராவை இறக்கிவிட்டு, சுவரோரம் நகர்ந்து நின்றேன். எனக்கு யாரும் சொல்லவில்லை, கை தானாக இறங்கியது. நாற்பது நொடி இருக்கும். அவள் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து "ஏன் அழல, ஏன் அழல" என்றாள், ஒருவரும் பதில் சொல்லவில்லை, எல்லாரும் அந்தக் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். அப்புறம் அழுகை. பிறந்த குழந்தையின் நிலைமைக்குப் பத்துக்கு இத்தனை என்று போடும் அப்கார் மதிப்பெண், ஐந்தாம் நிமிஷத்தில் ஒன்பது. குழந்தை இப்போது ஓடுகிறது, பேசுகிறது, ஒரு குறையும் இல்லை.

படங்களைக் கொடுக்க வீட்டுக்குப் போனபோது முப்பதாம் நாள் தாண்டியிருந்தது. தொட்டில் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஓர் இடத்தில் நிறுத்தி, பின்னால் போனாள், முன்னால் வந்தாள். "இதுக்கும் இதுக்கும் நடுவுல?" என்றாள். நான் எடுக்கவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "எல்லாரும் ஒண்ணுமே நடக்கலைங்கறாங்கக்கா. அம்மா அப்படித்தான் சொல்றாங்க, அவரும் அப்படித்தான். நானா கற்பனை பண்றேன்னு நினைக்கறாங்க. அங்க எனக்காக இருந்தது நீங்க ஒருத்திதான்."

நான் சரி என்று நினைத்துத்தான் கேமராவை இறக்கினேன். இப்போதும் அது தவறு என்று முழுசாகச் சொல்ல எனக்கு வரவில்லை. ஆனால் அந்த நாற்பது நொடியை யாருக்காக எடுக்கவில்லை என்று கேட்டால், பார்க்கப் பயந்தவள் நான்தான். அவள் பயப்படவில்லை, அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. படம் இல்லாததால் வாயால் சொன்னேன். குழந்தையை எந்தப் பக்கமாகத் திருப்பினார்கள், யார் முதுகைத் தேய்த்தார்கள், டாக்டர் எப்படி எண்ணினார், முதலில் அசைந்தது எந்தக் கை. மூன்று முறை சொல்ல வைத்தாள். மூன்றாம் முறை சொல்லும்போது குழந்தை எழுந்து சிணுங்க, மடியில் எடுத்துப் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். எடுத்த ஒரு படத்தை மட்டும் பிரிண்ட் கேட்டாள். அந்த முனகல் கேட்ட நொடியில் அவள் கழுத்து திரும்பியது, அது.

அமெரிக்காவில் இறந்து பிறக்கும் குழந்தைகளைப் பெற்றோருக்காகக் காசு வாங்காமல் படம் எடுத்துத் தருகிற ஓர் அமைப்பு 2005-லிருந்து இருக்கிறது என்று முன்பு படித்தபோது, யாருக்கு அந்தப் படத்தைப் பார்க்கத் துணிவு வரும் என்று நினைத்தேன். இவள் கேட்ட பிறகு அப்படி நினைக்கவில்லை.

ஏழாம் மாதத்தில் நான் தரும் ஃபார்மில் இப்போது ஒரு கேள்வி கூடியிருக்கிறது. ஏதாவது கஷ்டமான நிலைமை வந்தால், டாக்டர் தடுக்காத வரைக்கும், நான் எடுக்கலாமா, நிறுத்த வேண்டுமா? கேட்கக் கூடாத கேள்வி, அபசகுனம் என்று ஒரு மாமியார் ஃபார்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எடுக்க வேண்டாம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அன்றைக்கு என் கணவர் சொல்வார் என்கிறவர்கள் இருக்கிறார்கள். போன வாரம் வந்த ஃபார்மில் ஒருத்தி, பள்ளிக்கூட டீச்சர், அந்தக் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்: "எடுங்க. ஆனா என்கிட்ட மட்டும் குடுங்க, எப்ப பாக்கணும்னு நான் பாத்துக்கறேன்." அவளுக்கு இன்று 37 வாரம் முடிகிறது. இனிமேல் நான் ஊர் தாண்ட முடியாது, போனைச் சத்தத்தில்தான் வைத்திருக்க வேண்டும்.